தாய்ப்பால் போதாதபோது எதைச் சேர்ப்பது? குடல் நுண்ணுயிரும் மூளை வளர்ச்சியும் காட்டும் வரிசை

பிள்ளை பிறந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, "பால் இன்னும் ஊறவில்லை, ஒரு டப்பா வாங்கி வந்துவிடலாம்" என்று வீட்டில் பேச்சு எழும். அதைக் கடந்து வந்தவர்களுக்கும், விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் இதே கேள்வி வந்து நிற்கும். தாய்ப்பாலோடு எதைச் சேர்ப்பது? அல்லது அதற்குப் பதிலாக எதைக் கொடுப்பது? முன்பு இந்தக் கேள்விக்குக் குழந்தையின் எடை ஒன்றே அளவுகோலாக இருந்தது. இப்போது குடல் நுண்ணுயிர், மூளை வளர்ச்சி என்ற இரண்டும் சேர்ந்துகொண்டு, ஏற்கெனவே களைத்துப்போன தாயின் தலையில் புதிய கவலைகளாக ஏறியிருக்கின்றன.

நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு பால் ஓரளவு சேர்வதைவிட, தாய்ப்பால் அடியோடு நின்றுபோவதுதான் குழந்தையின் குடலில் பெரிய திருப்பத்தை உண்டாக்குகிறது. ஆகவே எந்த வழியை எடைபோட்டாலும், அது தாய்ப்பால் தொடர்வதற்குத் துணைசெய்கிறதா, அதை மெல்ல நிறுத்திவிடுகிறதா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். விலை, வசதி, டப்பாவில் அச்சிட்டிருக்கும் சத்துப் பட்டியல் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

குழந்தைக்குச் செரிக்காத சர்க்கரை

தாய்ப்பாலில் லாக்டோஸுக்கும் கொழுப்புக்கும் அடுத்தபடியாக அதிகம் இருக்கும் திடப்பொருள் புரதமாகத்தான் இருக்க வேண்டும் என்று பலரும் நினைப்பார்கள். ஆனால் அந்த இடம் ஒலிகோசாக்கரைடு எனப்படும் சிறு சர்க்கரைச் சங்கிலிகளுக்கு உரியது. முதிர்ந்த பாலில் லிட்டருக்கு 5 முதல் 15 கிராம் வரையிலும், சீம்பாலில் 20 கிராமுக்கு மேலும் இவை இருக்கின்றன. 150க்கு மேற்பட்ட வகைகளை ஆய்வாளர்கள் இதுவரை அடையாளம் கண்டிருக்கிறார்கள். இவற்றைச் செரிக்கும் நொதி குழந்தையிடம் இல்லை. தாயின் உடல் அரும்பாடுபட்டுச் செய்யும் இந்தச் சர்க்கரை, குழந்தையின் சிறுகுடலைக் கடந்து பெருங்குடலுக்கு ஏறத்தாழ அப்படியே போய்ச் சேர்கிறது. அங்கே அதை உண்பவை பிஃபிடோபாக்டீரியம், சுருக்கமாகப் பிஃபிடோ, எனும் நுண்ணுயிர்கள்.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தில் இந்த நுண்ணுயிரை 1899இல் கண்டறிந்தவர் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த ஹென்றி டிசியே. அதை வளர்க்கும் ஏதோ ஒன்று தாய்ப்பாலில் இருக்கிறது என்றும், அந்த ஏதோ ஒன்று இந்தச் சர்க்கரைச் சங்கிலிகளே என்றும் 1950களில் பால் ஜார்ஜி என்ற குழந்தை மருத்துவரும் அவருடன் பணியாற்றிய வேதியியலாளர்களும் காட்டினார்கள். 2008இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகக் குழு, இன்ஃபான்டிஸ் எனும் பிஃபிடோ வகையின் மரபணுத் தொகுதியை வெளியிட்டது. தாய்ப்பாலின் சர்க்கரைகளைப் பிடித்து உள்ளிழுத்துச் சிதைப்பதற்கென்றே அதில் ஒரு மரபணுத் தொகுப்பு இருந்தது. குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது தாய் இந்த நுண்ணுயிருக்கும் சேர்த்தே உணவு ஊட்டுகிறாள்.

அந்த உணவை உண்ட பிஃபிடோ அசிட்டிக் அமிலத்தையும் லாக்டிக் அமிலத்தையும் வெளியிடுகிறது. குடல் புளிப்பாகிறது, தீங்கு செய்யும் நுண்ணுயிர்கள் பல அந்தப் புளிப்பில் தழைப்பதில்லை. 1926இல் தாய்ப்பால் குடித்த குழந்தைகளின் மலத்தில் அமிலக் காரக் குறியீடு (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 5 அளவில் இருந்தது என்றும், மேலை நாடுகளில் அது இப்போது 6.5க்கு ஏறிவிட்டது என்றும் 2018இல் வெளியான ஓர் ஆய்வு தொகுத்துக் காட்டியது. அந்நாடுகளில் இன்ஃபான்டிஸ் அருகிவருவதே இதற்குக் காரணம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

பால் உணவை மட்டும் கொண்டுபோவதில்லை. நுண்ணுயிர்களையும் சேர்த்தே கொண்டுபோகிறது. அமெரிக்காவில் 107 தாய்-சேய் இணைகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வில், முதல் மாதத்தில் குழந்தையின் குடல் நுண்ணுயிர்களில் சுமார் 28 விழுக்காடு தாய்ப்பாலிலிருந்தும், சுமார் 10 விழுக்காடு முலைக்காம்பைச் சுற்றிய தோலிலிருந்தும் வந்தவை என்று தெரிந்தது. கறந்து கொடுப்பதையும் நேரடியாக ஊட்டுவதையும் ஒப்பிடும்போது இந்த 10 விழுக்காடு நமக்கு மீண்டும் தேவைப்படும்.

தமிழ்நாட்டில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இங்கே நடக்கும் பிரசவங்களில் ஏறத்தாழ 45 விழுக்காடு அறுவைப் பிரசவங்கள். அறுவையில் பிறந்த குழந்தைகளின் குடலில் பாக்டீராய்ட்ஸ் எனும் நுண்ணுயிர்க் குடும்பம் பெரும்பாலும் இல்லாமலிருப்பதையும், மருத்துவமனைச் சூழலில் உலவும் கிருமிகள் கூடுதலாகக் குடியேறுவதையும் பிரிட்டனில் ஏறத்தாழ 600 குழந்தைகளிடம் நடந்த 2019ஆம் ஆண்டின் ஆய்வு காட்டியது. இப்படிப் பிறந்த பிள்ளைக்கு முதல் வாரங்களின் தாய்ப்பால் இன்னும் கூடுதலாகத் தேவை என்றே நான் கருதுகிறேன். ஆனால் தையல் வலியோடு படுத்திருக்கும் தாயிடம்தான் "உனக்குப் பால் இல்லை" என்று எல்லாரும் முதலில் சொல்கிறார்கள்.

மூளைக்கு எவ்வளவு?

பிறந்த ஒரே ஆண்டில் குழந்தையின் மூளை இருமடங்கு ஆகிறது. அந்த வளர்ச்சியில் குடலுக்குப் பங்கு உண்டா? நுண்ணுயிரே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகள் மனஅழுத்தத்துக்கு மிகையாக எதிர்வினை செய்கின்றன என்பதை 2004இல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தினர் காட்டினார்கள். பிஃபிடோவைச் சிறுவயதிலேயே கொடுத்தால் அது சரியானது; காலந்தாழ்ந்து நுண்ணுயிரைக் கொடுத்தபோது பலன் இல்லை. காலம் முக்கியம் என்ற எண்ணம் இங்கிருந்துதான் வலுப்பெற்றது.

குழந்தைகளிடம் கிடைத்திருக்கும் சான்று இதைவிட மெலிந்தது. வட கரோலினாவில் 89 குழந்தைகளின் ஒரு வயதுக் குடல் நுண்ணுயிரையும் இரண்டு வயது அறிதிறனையும் ஒப்பிட்ட 2018ஆம் ஆண்டின் ஆய்வில், பாக்டீராய்ட்ஸ் மிகுந்த குழந்தைகள் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள். நுண்ணுயிர் வகைகள் அதிகமாக இருந்தவர்களோ குறைவாகப் பெற்றார்கள். பெரியவர்களுக்கு நன்மை என்று சொல்லப்படும் பல்வகைமை, ஒரு வயதுக் குழந்தைக்கு அப்படியே பொருந்துவதில்லை. லாஸ் ஏஞ்சலஸில் 50 தாய்-சேய் இணைகளிடம் நடந்த 2020ஆம் ஆண்டின் ஆய்வில், முதல் மாதத் தாய்ப்பாலில் 2'-ஃபியூகோசைல்லாக்டோஸ் எனும் சர்க்கரை மிகுந்திருந்தால் இரண்டு வயதில் அறிதிறன் மதிப்பெண்ணும் உயர்ந்திருந்தது. இரண்டும் சிறிய ஆய்வுகள். சேர்ந்து காணப்பட்டதை அவை காட்டுகின்றன. ஒன்றினால்தான் மற்றது விளைந்தது என்று நிறுவவில்லை. இவற்றை வைத்து யாராவது உங்களிடம் ஏதேனும் விற்க வந்தால் வாங்காதீர்கள்.

தாய்ப்பாலையும் நுண்ணறிவு ஈவையும் (ஐ.க்யூ.) நேரடியாக ஒப்பிட்டவற்றில் மிக வலுவானது பெலாரஸில் நடந்தது. மைக்கேல் கிரேமர் தலைமையில் 1996-97இல் 31 மருத்துவமனைகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் தாய்ப்பாலூட்ட முனைந்து உதவினார்கள். மற்றதில் வழக்கம்போல் விட்டார்கள். 17,046 குழந்தைகள். ஆறரை வயதில், உதவி பெற்ற பிரிவின் மொழித்திறன் ஈவு சராசரியாக 7.5 புள்ளி உயர்ந்திருந்தது. அதே பிள்ளைகளை 16 வயதில் சோதித்தபோது மொழித்திறனில் 1.4 புள்ளி வேறுபாடு மட்டுமே எஞ்சியது. பிரேசிலின் பெலோட்டாஸ் நகரில் 1982இல் பிறந்தவர்களை 30 ஆண்டு கழித்துப் பார்த்தபோது, ஓராண்டோ அதற்கு மேலோ தாய்ப்பால் குடித்தவர்களின் ஈவு, ஒரு மாதத்துக்கும் குறைவாகக் குடித்தவர்களைவிட 3.76 புள்ளி கூடியிருந்தது. அமெரிக்கத் தரவை வைத்து 2006இல் வெளியான ஆய்வு இதற்கு எதிர்ப்பக்கம் நிற்கிறது: தாயின் நுண்ணறிவைக் கணக்கில் சேர்த்ததும் வேறுபாட்டின் பெரும்பகுதி மறைந்தது, உடன்பிறந்தவர்களையே ஒப்பிட்டபோது குறிப்பிடும்படி ஒன்றும் மிஞ்சவில்லை.

இவற்றை எல்லாம் சேர்த்துப் பார்த்தால், மூளைக்கு நன்மை இருக்கிறது என்றே நம்புகிறேன். இரண்டு மூன்று புள்ளி அளவில் இருக்கலாம். ஊர் முழுவதையும் எண்ணிப் பார்த்தால் அது பெரிது. ஒரு வீட்டில், ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை அது தீர்மானிப்பதில்லை. தாய்ப்பால் கொடுக்க முடியாத ஒரு பெண்ணிடம் "உன் பிள்ளையின் அறிவு குறைந்துவிடும்" என்று சொல்வது கொடுமை, பொய்யும்கூட. தாய்ப்பாலுக்காகப் பாடுபட வேண்டிய முதல் காரணம் வயிற்றுப்போக்கும் நுரையீரல் தொற்றும். அந்தப் பாதுகாப்பில் ஐயத்துக்கு இடமில்லை.

வழிகளை எடைபோட்டால்

முதலில், கூடுதலாக ஏதேனும் தேவையா என்றே பார்க்க வேண்டும். பால் முழுமையாக ஊற இரண்டு முதல் நான்கு நாள் ஆவது இயல்பு. அதுவரை சீம்பால் சில மில்லிதான் வரும். புதுக்குழந்தையின் சிறிய இரைப்பைக்கு அதுவே போதும். முதல் நாள்களில் எடை சற்றுக் குறைவதும், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்புவதும் வழக்கம். முதல் வாரக் கடைசியிலிருந்து நாளொன்றுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழித்து, எடையும் ஏறினால் பால் போதுகிறது. அழுகையை வைத்து முடிவுகட்டக் கூடாது. பத்து விழுக்காட்டுக்கு மேல் எடை குறைந்தாலோ, குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, மஞ்சள் கூடினாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அப்போது மருத்துவர் பால்மாவு கொடுக்கச் சொன்னால் அதை மருந்தைப்போல ஏற்றுக்கொள்ளுங்கள். தாய்ப்பாலுக்காகப் பிடிவாதம் பிடித்துக் குழந்தையை வாடவிடுவது மூளைக்குச் செய்யும் கேடு.

சில வழிகளை ஓரிரு வரியில் கழித்துவிடலாம். ஆறு மாதத்துக்குள் பசும்பால் வேண்டாம். அதில் புரதமும் உப்புகளும் மிகுதி, இரும்பு மிகக் குறைவு. சிறு குழந்தையின் குடலில் கண்ணுக்குத் தெரியாத இரத்தக் கசிவையும் அது உண்டாக்கக்கூடும். தாய்ப்பாலில் உள்ள சர்க்கரைச் சங்கிலிகள் பசும்பாலில் பெயரளவுக்குத்தான் உண்டு. தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்தால் வலுவும் போகிறது. தெருவில் ஓட்டிவந்து ஒரு சங்கு கறந்து தரும் கழுதைப்பால், காய்ச்சாத பால். அதனால் அறிவோ குரலோ வளர்வதில்லை, கிருமி போகலாம். சேனை வைப்பதும் தேன் தடவுவதும் அப்படியே. தேனில் இருக்கக்கூடிய கிருமி விதை ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நரம்பை முடக்கும் நஞ்சாக மாறக்கூடும்.

உண்மையான போட்டி மூன்றுக்கு இடையில்தான்: தாயின் சொந்தப் பாலைப் பீச்சி வைத்துக் கொடுப்பது, தாய்ப்பால் வங்கியின் பால், பால்மாவு.

பீச்சிய பால்தான் எப்போதும் முதல் தேர்வு. சர்க்கரைகளும் நோய் எதிர்ப்புப் பொருள்களும் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. ஆனாலும் நேரடியாக ஊட்டுவதற்கு அது முழு ஈடு அல்ல. கனடாவில் ஏறத்தாழ 400 தாய்மார்களிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், கருவியால் எடுத்துக் கொடுப்பவர்களின் பாலில் பிஃபிடோ குறைந்தும், நோய் உண்டாக்கக்கூடிய சில கிருமிகள் கூடியும் காணப்பட்டன. குழந்தையின் வாயும் தாயின் தோலும் நேரடியாகத் தொட்டுக்கொள்வதில் நடக்கும் பரிமாற்றம் புட்டியில் நடப்பதில்லை. வேலைக்குப் போகும் தாய் இதை எண்ணி வருந்த வேண்டியதில்லை. காலையும் மாலையும் இரவும் நேரடியாக ஊட்டினால் அந்தத் தொடர்பு அறுவதில்லை. இரவில் ஊட்டுவது பால் சுரப்பையும் காக்கிறது.

நம் ஊர் வெயிலில் கவனிக்க வேண்டியது வேறொன்று. அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் வைக்கலாம் என்ற கணக்கு 25 டிகிரி செல்சியஸுக்கு உரியது. மே மாதத்துச் சென்னையில் அதை நம்பாமல், பீச்சியவுடன் குளிர்பதனப் பெட்டியிலோ பனிக்கட்டி வைத்த பெட்டியிலோ வைத்துவிடுங்கள். குளிர்பதனப் பெட்டியில் நான்கு நாள் தாங்கும், பனிக்கட்டிப் பெட்டியில் ஒரு நாள் மட்டுமே. கொதிக்க வைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து இளஞ்சூடாக்கினால் போதும். ஊட்டுவதற்குப் பாலாடை இருக்கும்போது புட்டி எதற்கு? கழுவ எளிது, கிருமி தங்கும் மூலை முடுக்கு இல்லை, குழந்தை மார்பை மறுக்கும் தொல்லையும் குறைவு.

வங்கிப் பால் அரிய சேவை. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் மருத்துவர் ஆர்மிடா பெர்னாண்டஸின் முயற்சியால் தொடங்கியது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் இப்போது வங்கிகள் உண்டு. தானமாக வந்த பாலை 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்குகிறார்கள். சர்க்கரைச் சங்கிலிகள் தப்பிவிடுகின்றன. உயிருள்ள நுண்ணுயிர்கள் மடிகின்றன; நோய் எதிர்ப்புப் புரதங்களில் ஒரு பங்கும், கொழுப்பைச் செரிக்கும் நொதியும் அழிகின்றன. குறைமாதக் குழந்தைகளுக்கு இது உயிர்காக்கும் பால். அமெரிக்காவில் 483 குறைமாதக் குழந்தைகளிடம் நடந்து 2024இல் வெளியான சோதனையில், குடல் திசு அழுகும் கொடிய நோய் பால்மாவுப் பிரிவில் 9 விழுக்காடு, தானப் பால் பிரிவில் 4.2 விழுக்காடு. ஆனால் இரண்டு வயதையொட்டிச் சோதித்தபோது அறிதிறனில் வேறுபாடு இல்லை. கனடாவில் 2016இல் முடிந்த சோதனையும் இதையே சொன்னது. ஆகவே நிறைமாதத்தில் பிறந்து நலமாக இருக்கும் பிள்ளைக்காக வங்கிப் பாலைத் தேடி அலைய வேண்டாம். அது எடைகுறைந்த பிள்ளைகளுக்கு முதலில் போய்ச் சேரட்டும். தெரிந்தவரிடமிருந்து, பரிசோதனை இல்லாமல் பால் வாங்கிக் கொடுப்பதையும் தவிருங்கள்.

பால்மாவு பற்றி இரண்டு பக்கமும் மிகைப்படுத்துகிறார்கள். அது நஞ்சு அல்ல. அதைக் குடித்து வளர்ந்து சிறந்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் டப்பாவின் மேல் கூடுதல் விலைக்கு விற்கப்படும் சேர்க்கைகளை நம்பி மூளையை எடைபோட வேண்டாம். பிரிட்டனில் நடந்த ஏழு பழைய சோதனைகளில் பங்கேற்ற 1,763 பிள்ளைகளின் பள்ளித் தேர்வு மதிப்பெண்களைத் தேடியெடுத்து 2021இல் ஒப்பிட்டார்கள். கொழுப்பு அமிலம், இரும்பு, நியூக்ளியோடைடு என்று மேம்படுத்தப்பட்ட மாவு எதுவும் 16 வயதுக் கணிதத் தேர்வில் கூடுதல் மதிப்பெண் பெற்றுத்தரவில்லை. தாய்ப்பாலின் சர்க்கரை சேர்த்ததாகச் சொல்லும் மாவுகளில் இருப்பது தொழிற்சாலையில் நொதிக்கவைத்துச் செய்த ஒன்றோ சிலவோ. தாய்ப்பாலில் இருப்பவை 150க்கு மேல். அதனால் பிஃபிடோ ஓரளவு கூடுகிறது. அறிதிறன் கூடுவதாக நிறுவப்படவில்லை. வாங்க நேர்ந்தால், ஆறு மாதத்துக்குட்பட்டவர்களுக்கான சாதாரண மாவே போதும். மிச்சப்படும் பணத்தைத் தாயின் முட்டைக்கும் மீனுக்கும் பருப்புக்கும் செலவிடுங்கள். பால்மாவு கிருமியற்றது அல்ல என்பதால், 70 டிகிரிக்குக் குறையாத நீரில் கலந்து பிறகு ஆறவைத்துக் கொடுக்கும்படி உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. கரண்டி அளவைக் குறைத்து நீர்க்கக் கலக்காதீர்கள்.

நுண்ணுயிர்ச் சொட்டு மருந்துகளையும் சொல்ல வேண்டும். ஒடிசாவின் கிராமங்களில் 4,556 பிறந்த குழந்தைகளிடம் நடந்து 2017இல் வெளியான சோதனையில், ஒரு லாக்டோபேசில்லஸ் வகையை அதன் உணவோடு ஒரு வாரம் கொடுத்ததில் கடுந்தொற்றும் இறப்பும் 9 விழுக்காட்டிலிருந்து 5.4 ஆகக் குறைந்தன. மகத்தான முடிவு. ஆனால் அது குறிப்பிட்ட ஒரு நுண்ணுயிர். கடையில் கிடைப்பது அதுவாக இருக்கும் என்ற உறுதி இல்லை. குறைமாதக் குழந்தை ஒன்று, கொடுக்கப்பட்ட நுண்ணுயிரே இரத்தத்தில் பரவி இறந்ததை அடுத்து, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023இல் எச்சரிக்கை விடுத்தது. மருத்துவர் எழுதித் தராமல் வாங்க வேண்டாம்.

எந்த நிலையில் எது

இங்கேதான் நான் முதலில் சொன்னது பயன்படும். ஸ்வீடனில் 98 குழந்தைகளை ஓராண்டு தொடர்ந்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், குடல் நுண்ணுயிர் பெரியவர்களுடையதைப் போல மாறியது திட உணவு தொடங்கியபோது அல்ல, தாய்ப்பால் நின்றபோது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 903 குழந்தைகளிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்விலும், தாய்ப்பால் முழுதாகவோ பகுதியாகவோ கிடைத்துக்கொண்டிருப்பதே குடல் நுண்ணுயிரின் அமைப்பை மிக அதிகமாகத் தீர்மானித்தது. பாதி என்றாலும் பொருள் உண்டு. "எப்படியும் டப்பா தொடங்கியாயிற்று, இனி எதற்கு" என்று விட்டுவிடுவதுதான் நான் காணும் மிகப் பெரிய இழப்பு.

அதனால் முதல் ஆறு வாரங்களுக்கு உங்கள் முழு முயற்சியையும் வையுங்கள். பால் சுரப்பு நிலைகொள்வது அப்போதுதான். அந்த நாள்களில் தேவையின்றிச் சேரும் ஒவ்வொரு புட்டியும் ஒரு முறை பால் குடிப்பதைத் தட்டிப்பறிக்கிறது, அதற்கேற்பச் சுரப்பும் குறைகிறது. சமையலையும் விருந்தாளிகளையும் கணவரும் மாமியாரும் பார்த்துக்கொள்ளட்டும். 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வார விடுப்பையும், 50 பேருக்குக் குறையாத நிறுவனங்களில் காப்பகத்தையும், நாளுக்கு நான்கு முறை பிள்ளையைப் பார்த்துவரும் உரிமையையும் தந்தது, கேட்டு வாங்குங்கள். துணிக்கடையில் நின்றுகொண்டே வேலைசெய்யும் பெண்ணுக்கும் வீட்டுவேலைக்குப் போகும் பெண்ணுக்கும் இவை எட்டுவதில்லை. அவர்களுக்கு என் வரிசை இது: வேலைக்குப் போகுமுன்னும் திரும்பியதும் இரவிலும் மார்பு, இடைப்பட்ட நேரத்துக்குக் கையால் பீச்சிய பால், அதுவும் போதாத அளவுக்கு மட்டும் பால்மாவு. முழுவதும் பால்மாவே வழி என்று ஆகிவிட்டால், மடியில் வைத்து முகம் பார்த்துப் பேசிக்கொண்டே ஊட்டுங்கள். பிள்ளையின் மொழியை வளர்ப்பதில் அந்தப் பேச்சுக்கு உள்ள பங்கு பெரிது.

மூளையைப் பற்றிக் கவலைப்படும் வீடுகளில் அதிகம் பேசப்படாத ஒன்று இரும்புச்சத்து. தாய்ப்பாலில் அது குறைவு. பிறக்கும்போது உடலில் சேர்த்துவைத்த இரும்பு ஆறு மாதத்தில் தீர்ந்துவிடும். நம் கர்ப்பிணிகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு இரத்தசோகை என்பதால், பல பிள்ளைகளின் கையிருப்பு தொடக்கத்திலேயே குறைவு. இந்த வயதில் வரும் இரும்புக் குறைபாடு அறிதிறனைத் தாக்கும். பின்னால் ஈடுசெய்தாலும் முழுதாக மீளாமல் போகலாம். ஆகவே ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலைத் தொடர்ந்தபடியே மசித்த பருப்பு, கீரை, முட்டை மஞ்சள் கரு, ஈரல் என்று தொடங்குங்கள். வாரம் இருமுறை ஒரு மில்லி இரும்புச் சொட்டு அரசுத் திட்டத்தில் இலவசம். கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு இன்னும் முன்னதாகவே இரும்பு தேவைப்படும். எப்போது, எவ்வளவு என்பதை மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் அன்றே எழுதி வாங்கிவிடுங்கள்.